எட்டாம் நம்பர் பாத்தி

பள்ளிக்கூடத்துத் தோட்டம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். முப்பத்தாறு வருஷம் டீச்சராக இருந்தவள் நான். எந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலும் தோட்டப் பொறுப்பை மட்டும் வாங்கிக்கொண்டதில்லை. ஒரு ஹெட்மாஸ்டர் அதற்காக மெமோகூடக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். இந்த டீச்சருக்கு மண்ணைத் தொடக் கூச்சம் என்று பியூன் முதற்கொண்டு பேசிக்கொண்டார்கள். மண்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

போன மாதம் பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு சின்ன டீச்சர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்குக் காய்கறித் தோட்டம் போடப்போகிறோம், முதல் விதையை நீங்கள்தான் போட வேண்டும், உங்கள் கை ராசியான கை என்றார்கள். பாவம், மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. நான் வெடுக்கென்று எழுந்து உள்ளே போய்விட்டேன். ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் அவர்களை அனுப்பியது பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்றெல்லாம் நான் நம்பவில்லை.

அது யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர் அப்போது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தது. ஆவூருக்குத் தெற்கே, சரளை மண்ணும் ஒரு கண்மாயும் ஒரு மாதா கோயிலுமாகக் கிடந்த ஊர். பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. நிலம் உள்ள வீடுகளிலேயே ஒரு வேளைதான் நெல்லுச்சோறு, மற்ற வேளைக்குக் கேப்பைக் கூழோ வரகுச் சோறோ. எங்கள் வீடு நிலம் உள்ள வீடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறைத்ததாக ஆகக்கூடாது.

அந்த வருஷம்தான் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் காய்கறி போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. எங்கள் வாத்தியார் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓடிவரும் ஊரில் பிறந்தவர். அவர் தாக்கீதைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணைக் கிளறுவது எப்படி என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். நடை பழகும்போதே களைக்கொத்தைப் பிடித்த பிள்ளைகள் நாங்கள், வாயைப் பொத்திக்கொண்டு கேட்டோம். கரும்பலகையில் உயிர்ச்சத்து என்று எழுதி, கீரையில் இன்னது, வெண்டைக்காயில் இன்னது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அப்போது ஒரு குரல் கேட்டது.

"சார், பசிக்கு எந்தச் சத்து?"

கேட்டது என் வகுப்பில் இருந்த ஒருத்தி. கேலிக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாத்தியார் தாக்கீதைப் பார்த்துவிட்டு, "உக்காரு" என்றார்.

அவளுடைய அப்பா மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு கடிதமும் இல்லை, பணமும் இல்லை, ஆள் இருக்கிறாரா என்பதும் தெரியாது. அவளுடைய ஆத்தா கூலிக்குப் போவாள். மகளையும் கூட்டிப்போயிருந்தால் இன்னொரு ஆள் கூலி கிடைத்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே தோட்டத்துக்காகத்தான். சனிக்கிழமைதோறும் பாத்தியில் விளைந்ததைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக் கொடுப்பதாக வாத்தியார் சொல்லியிருந்தார்.

மொத்தம் பன்னிரண்டு பாத்தி. இரண்டு பேருக்கு ஒரு பாத்தி. எட்டாம் நம்பர் எனக்கும் அவளுக்கும் விழுந்தது. இரண்டு பேரில் மூத்தவர்தான் பாத்தித் தலைவர் என்று வாத்தியார் சேர்க்கைப் புத்தகத்தைத் திறந்து வயது பார்த்தார். "நீ மூணு மாசம் மூத்தவ, நீயே தலைவி" என்றார். நான் அன்றைக்கு முழுவதும் மிதப்பாகத் திரிந்தேன்.

அடுத்தபடியாக அவர் சொன்னதுதான் முக்கியம். ஆவணியில் இன்ஸ்பெக்டர் வருவார். எந்தப் பாத்தி நன்றாக வந்திருக்கிறதோ அதைப் போட்ட பெண் பிள்ளை ஒருத்திக்கு, கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிப் பள்ளியில் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர இலவச இடம் எழுதிக் கொடுப்பார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. அதற்கு மேல் படித்த பெண் அதுவரை எங்கள் ஊரில் ஒருத்திகூடக் கிடையாது.

அன்றைக்குத் தண்ணீர் தூக்கப் போகும்போது அவள் என்னிடம் கேட்டாள். "அங்க மூணு வேளையும் சோறாமே?"

"ஆமா."

"சோறும் போட்டுப் படிப்பும் சொல்லித் தருவாங்களா?"

"ஆமாங்கிறேன்ல."

அவள் அதற்குப் பிறகு கண்மாய்க்கரை வரைக்கும் என்னைவிட நாலு எட்டு முன்னாலேயே போனாள். அந்த இடம் அவளுக்குத்தான் வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரியும். எனக்கு அது ஒரு பரிசு, அவ்வளவுதான். அவளுக்கு அதைவிட்டால் வேறு வழியே இல்லை.

ஒரு பாத்திக்கு இருபது குழி. எங்கள் பாத்தியில் வெண்டை. எந்தக் குழியில் முளைத்தது, எதில் முளைக்கவில்லை என்று சுவரில் ஒட்டிய தாளில் வாரத்துக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும், அந்தத் தாளையும் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். முதல் வாரம் எங்கள் பாத்தியில் முளைத்தது ஆறு. மிச்சத்தை எறும்பு இழுத்ததோ கரையான் தின்றதோ, குழியைத் தோண்டிப் பார்த்தால் விதை இருந்த தடம்கூட இல்லை. நான் உட்கார்ந்து அழுதேன். தலைவி அல்லவா, மானம் போயிற்று. அவள் அழவில்லை.

"ஒங்க வீட்டுல வெதை இருக்கா?" என்றாள்.

இருந்தது. ஆத்தா சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்டு வைத்திருந்த விதையில் ஒரு பிடியை நான் களவாண்டு வந்தேன். அவள் பனையோலையைக் கிண்ணம்போல மடித்து மடித்து முப்பது வைத்திருந்தாள். அதில் மண்ணும் மக்கின சாணமும் நிரப்பி விதையை ஊன்றினோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அதன் சுவரோரம் எப்போதும் நிழல் விழுந்து கிடக்கும், வேலை இல்லாமல் ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அங்கே வரிசையாக அடுக்கினோம். ஓலையில் முளைத்த செடியை ஓலையோடு கொண்டுபோய், செத்த குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. வேரும் அசையாது.

இதையெல்லாம் விடியற்காலையில்தான் செய்ய முடியும். நான் வீட்டில் காலைப் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிவருவேன். கோயிலில் மணி அடிக்கும். உள்ளே ஜனங்கள் ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் கையெல்லாம் சாணமாக உட்கார்ந்திருப்போம். அந்த ஒரு மாதம்தான் நான் பிறந்ததிலிருந்து அதிக பக்தியாக இருந்த மாதம் என்று என் ஆத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் எனக்குப் பயமாக இருந்தது. "இது கள்ளத்தனமில்லையா புள்ள?" என்றேன்.

"என்ன கள்ளத்தனம்? செத்த நாத்தப் புடுங்கிட்டு வேற வைக்காத வயக்காடு எங்க இருக்கு? ஒங்க அய்யா வைக்கலயா?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். என் அய்யாவின் வயலில் நட்ட பத்தாம் நாள் ஆட்கள் இறங்கி, நாற்றுப் போன இடத்திலெல்லாம் வேறு நாற்று ஊன்றுவதை வருஷம் தவறாமல் பார்த்திருக்கிறேன்.

இருபது குழியிலும் செடி நின்றது. ஒன்று வாடினால் மறுநாள் அதே குழியில் இன்னொன்று நிற்கும். மற்ற பாத்திகளில் ஓட்டை ஓட்டையாகக் கிடக்க, எங்களுடையது மட்டும் ஒரு குழி விடாமல் தளதளவென்று வந்தது. அவளுக்கு அந்தச் செடிகள் பேரில் ஒரு வெறி. குடிப்பதற்கான ஊருணித் தண்ணீரைத் தோட்டத்துக்கு எடுக்கக்கூடாது என்பதால் கண்மாயிலிருந்துதான் தூக்க வேண்டும். நான் இரண்டு குடம் தூக்கினால் அவள் ஆறு குடம் தூக்குவாள். முதல் சனிக்கிழமை ஆளுக்கு நாலு காய் வந்தது. அவள் ஒன்றை அங்கேயே கடித்துத் தின்றுவிட்டு மூன்றை மடியில் கட்டினாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த என் ஆத்தா பள்ளிக்கூடத்து வேலி ஓரம் நின்று பாத்திகளைப் பார்த்தாள். எட்டாம் நம்பரில் கண் நிலைத்துவிட்டது. ஆத்தாவுடைய மிளகாய் நாற்றங்கால் அந்த வருஷம் இரண்டு தடவை போட்டும் முளைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் வேறு.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஒங்க பாத்தியில மட்டும் எப்படி ஒண்ணு விடாம மொளைச்சுச்சு?"

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். செத்ததை எடுத்துவிட்டு வேறு வைத்தோம் என்று ஒரு வார்த்தை. ஆனால் எப்போது வைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். பூசைக்குப் போகாதது தெரியும். விதைக் கலயத்தில் கைவைத்தது தெரியும். முதுகுத்தோல் உரிந்துவிடும்.

"அவளுக்குக் கைராசி ஆத்தா. அவ தொட்டா எல்லாம் மொளைக்குது" என்றேன்.

இந்த வார்த்தையைச் சொன்ன வாயை இந்த வயதிலும் எனக்கு அறையத் தோன்றுகிறது.

மறுநாள் காலையிலேயே ஆத்தா அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு மிளகாய் விதையைக் கையில் கொடுத்தாள். விதை வேறு வீட்டு விதை, புதுசு. முந்தின நாள் ஒரு தூறலும் போட்டிருந்தது. எட்டாம் நாள் முளைத்தது. யார் தூவியிருந்தாலும் முளைத்திருக்கும். ஆனால் ஆத்தா வாயில் அது நிற்குமா? தண்ணீர்த் துறையில் சொன்னாள், கோயில் வாசலில் சொன்னாள். இந்த மாதிரிப் பேச்செல்லாம் பூசை வைக்கும் சாமியார் காதுக்குப் போனால் திட்டு விழும். ஆனால் எங்கள் ஊரில் மற்ற எல்லாவற்றுக்கும் சாமியாரைக் கேட்பார்கள், விதை விஷயத்தில் மட்டும் கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கூப்பிட ஆரம்பித்தார்கள். பாகல் போட, பீர்க்கு போட, சோளம் விதைக்க. முதல் பிடியை மட்டும் போட்டுவிட்டுப் போ என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த பிறகு, ராசியான கை, முழுசையும் அதே போடட்டும் என்று பொழுது சாய்கிற வரை வைத்துக்கொள்வார்கள். போகும்போது மடியில் ஒரு படி கேப்பையோ வரகோ கொட்டுவார்கள். அவளுடைய ஆத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாலு வெண்டைக்காய் எங்கே, ஒரு படி கேப்பை எங்கே?

அவள் மட்டும் விடியற்காலையில் வருவதை விடவில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்னால் எவர் காட்டுக்காவது விதைக்க ஓடுவாள். "இன்னைக்கும் வரலியா?" என்று நான் கேட்டால், "நாளைக்கு வாரேன்" என்பாள். ஆஜர்ப் புத்தகத்தில் அவள் பேருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் விழுந்தது.

வாத்தியார் என் அய்யாவைத் தேடி வீட்டுக்கே வந்தார். "இன்னும் பத்து நாளைக்கு அந்தப் பொண்ணை யாரும் வேலைக்குக் கூப்பிடாம இருந்தா நல்லதுங்க. இன்ஸ்பெக்டர் வராரு. அவளுக்கு எடம் கெடைக்கும்னு நெனைக்கிறேன்" என்றார்.

அய்யா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். "மழை என்ன இன்ஸ்பெக்டரக் கேட்டுக்கிட்டா வருது சார்? பேஞ்சா வெதைக்கணும்" என்றார். வாத்தியார் மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

மழை இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள்தான் பெய்தது. ஆடி பூராவும் காயப்போட்டுவிட்டு, ஆவணி பிறந்ததும் ஒரே ஒரு நல்ல மழை. விடிந்தபோது ஊரில் இருந்த ஏரெல்லாம் கடலை விதைக்க இறங்கிவிட்டன. அவளை என் அய்யா முதல் ஆளாகச் சொல்லி வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் புதுக்கோட்டையிலிருந்து கரி பஸ்ஸில் வந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டிவைத்துக் கரியைப் போட்டு ஓட்டுவார்கள். அதே பஸ் திரும்பிப் போகும்போது அவரும் போக வேண்டும். அவர் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு வாசலில் நிற்கும்போதே வாத்தியார் என்னைப் பின்பக்கமாகத் தள்ளினார். "ஓடிப் போய்க் கூட்டிண்டு வா. ஓடு."

ஓடினேன். எங்கள் காடு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஏர் முன்னால் போக, அவள் பின்னால் உழுத சாலில் நிலக்கடலை விதையைப் போட்டுக்கொண்டே போனாள். முழங்கால் வரை செம்மண். அய்யா வரப்பில் நின்றார்.

"அய்யா, சார் அவளக் கூப்பிடுறாரு. இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு."

"இந்தச் சால் முடியட்டும்" என்றார்.

சால் முடிந்தது. ஏர்க்காரர் மாட்டைத் திருப்பினார். அவள் அய்யாவைப் பார்த்தாள். அய்யா ஒன்றும் சொல்லவில்லை, ஏர் போய்க்கொண்டிருந்தது, அவள் பின்னாலேயே போனாள். நான் இன்னொரு சால் நின்றேன். மூன்றாவது சாலுக்கும் நின்றேன். அய்யாவை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் பேசியிருக்கலாம். செல்லமாக வளர்ந்தவள்தான், அடித்திருக்க மாட்டார்.

அவள் என் பக்கம் வரும்போது குனிந்தபடியே சொன்னாள். "நீ போ. வந்துர்றேன்னு சார்ட்ட சொல்லு. கொஞ்சம் நிக்கச் சொல்லு."

நான் திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் எட்டாம் நம்பர் பாத்தி முன்னால் நின்றுகொண்டிருந்தார். சுவர்த் தாளை வாத்தியார் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இருபதுக்கு இருபது. இது யாருடைய பாத்தி என்று கேட்டார். "நானும் இன்னொருத்தியும் சார்" என்றேன். இன்னொருத்தி எங்கே என்றார். ஆஜர்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். வெண்டைக்காயில் என்ன சத்து என்று என்னைக் கேட்டார். வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு, "அந்தப் பொண்ணு ரொம்ப சூட்டிகை சார், ரெண்டு நிமிஷத்துல வந்துடுவா" என்றார்.

"வகுப்புக்கே வராத பொண்ணு விடுதியில எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் என் பேரை எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

உச்சிப்பொழுதுக்கு அவள் வந்தாள். பஸ் போய்விட்டிருந்தது. "எழுதிட்டாங்களா?" என்றாள்.

"ம்."

"யாரு பேர?"

நான் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தேன். அதிலேயே அவள் தெரிந்துகொண்டாள். பாத்திக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் பார்வைக்கு நிறையக் காய் தொங்க வேண்டும் என்று அதற்கு முந்தின சனிக்கிழமை வாத்தியார் ஒருவரையும் பறிக்கவிடவில்லை. எல்லாம் முற்றிப் போயிருந்தன. அவள் ஒன்றை ஒடித்துக் கடித்துப் பார்த்தாள், நாராக இருந்தது. துப்பிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். அத்தனைக்குப் பிறகும் அன்றைக்கும் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

நிலம் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு இலவச இடம் எதற்கு என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனாமாக வந்ததை என் வீட்டில்தான் விடுவார்களா? அய்யா அன்றைக்குக் கோழி அடிக்கச் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால்கூட, ஒரு பாவத்தைச் செய்தேன் என்று இருந்துவிடலாம். அந்த ஒரு மழைக்குப் பிறகு வானம் திறக்கவில்லை. புரட்டாசியும் போயிற்று, ஐப்பசியும் போயிற்று. முளைத்த கடலை பூக்கும் முன்னாலேயே கருகியது. கண்மாயில் சேறுகூட இல்லாமல் வெடித்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்துத் தோட்டம் முதலில் செத்தது. வேலி முள்ளை யார் யாரோ அடுப்பெரிக்க இழுத்துப் போனார்கள், வாத்தியார் தடுக்கவில்லை. பாத்தி நம்பர் எழுதின பலகைகளும் அதோடு போயின.

வானத்தை யாரும் திட்ட முடியாது. விதைத்தது யார் என்று யோசித்தார்கள். அநேகம் காட்டில் விதை போட்டது ஒரே கை. தண்ணீர்த் துறையில் என் ஆத்தாதான் முதலில் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. "அந்தக் கை வெளங்காத கை. அது பட்ட காடெல்லாம் கருகிருச்சு." கைராசி என்று கொண்டாடிய அதே வாய். கிணற்றுப் பாசனத்தில் கேப்பை நட்ட ஓரிரண்டு பேரும் அவளை வயலில் இறங்கவிடவில்லை. கொஞ்ச நாளில் அவளுடைய ஆத்தாவையும் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும். அவள் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் வீட்டுக்கு வரும் வழியில் விறகுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"கைராசின்னு சொன்னது நீதான?" என்றாள்.

யார் சொல்லி அவளுக்குத் தெரிந்தது என்று தெரியவில்லை.

"இல்லன்னும் நீதான் சொல்லணும். கையில ஒண்ணும் இல்ல, செத்ததை எடுத்துட்டு வேற வச்சோம்னு சொல்லிரு. எங்க ஆத்தாளையாச்சும் வேலைக்குக் கூப்பிடுவாங்க."

அவள் என்மேல் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கலயத்து விதையை எடுத்தது, பனையோலை, கல்லறைச் சுவர், பூசைக்குப் போகாதது, ஒன்று விடாமல் சொன்னேன். அது கைராசியே இல்லை, ராசி என்று நான்தான் பொய் சொன்னேன், கருகினதற்கும் அவள் கைக்கும் சம்பந்தமில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். ஆத்தா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அய்யா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப ஊரையே ஏமாத்தியிருக்கா" என்றார்.

"அய்யா, நானும்தான் நட்டேன். நான்தான் வெதை கொண்டு போனேன்."

"நீ சின்னப்புள்ள. ஒனக்கு என்ன தெரியும்? என் புள்ளைய விடியாம இழுத்துட்டுப் போயி, பூசைக்குப் போகவிடாமக் கெடுத்திருக்கா பாரு. அதான் மழையும் இல்ல."

பூசைக்குப் போகாததற்காக ஆத்தா என்னை ஒரு வாரம் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்க வைத்தாள். அதோடு என் கணக்கு தீர்ந்தது. அவள் கணக்கு அதோடு தீரவில்லை. அதுவரை ராசி இல்லாதவளாக மட்டும் இருந்தவள் மறுநாள் முதல் ஏமாற்றுக்காரியும் ஆனாள். நான் உண்மையைச் சொல்லிச் செய்தது இதுதான்.

அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் தாயும் மகளும் ரோட்டுக்குக் கல் உடைக்கும் வேலைக்கு அறந்தாங்கிப் பக்கம் போனார்கள். ஆவுடையார்கோவில் ரோட்டில் பார்த்ததாக ஒரு வருஷம் கழித்து ஒருவர் சொன்னார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. நான் விடுதியில் மூன்று வேளையும் சோறு தின்று, படித்து, டிரெயினிங் முடித்து டீச்சர் ஆனேன். அறந்தாங்கியில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் எல்லாம் நின்று பெண்களின் முகத்தைப் பார்ப்பேன். அடையாளம் தெரிந்தால் என்ன பேசுவது என்று யோசித்து, பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

அவர்கள் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் அவளைக் கடைசியாகப் பார்த்தது காய்ந்து கிடந்த கண்மாய்க்குள். முழங்கால் தண்டனை முடிந்த மறுநாள். அவள் வெடிப்புகளுக்கு நடுவே கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும். அன்னைக்கே வந்து எங்க ஆத்தாள ஏசிட்டுப் போனாங்க." தோண்டுவதை அவள் நிறுத்தவில்லை. "நீயும் நட்டதச் சொன்னியா?"

"சொன்னேன்."

"ஒன்ன என்ன சொன்னாங்க?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சின்னப்புள்ளயாம். எனக்கு ஒண்ணும் தெரியாதாம்" என்றேன்.

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். எடுத்த கிழங்கின் மண்ணைப் பாவாடையில் துடைத்தாள்.

"நான் ஒன்னவிட மூணு மாசம் சின்னவ" என்றாள்.